ரியாத்தில் இறந்த மாமாவை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தோம்

என் தாய்மாமா ரியாத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் எலக்ட்ரீஷியனாக ஒன்பது வருஷம் இருந்தார். ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அறையில் கூட இருந்த கடையநல்லூர் பாய்தான் போன் செய்து சொன்னார். அத்தையும் பிள்ளைகளும் பாட்டியும் ஏற்காடு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். நான் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். இங்கிலீஷில் மெயில் எழுதத் தெரியும் என்பதால் காகித வேலை மொத்தமும் என்னிடம் வந்தது. இதே நிலையில் நிற்கும் இன்னொரு குடும்பத்துக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2024 ஜூனில் குவைத் மங்காஃப் தீ விபத்தில் இறந்தவர்களை விமானப்படை விமானமே கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தனியாக ஒருவர் அறையில் இறந்தால் அப்படி நடக்காது. குடும்பத்தில் ஒருவர் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. சித்தப்பா ஒருபக்கம், மச்சான் ஒருபக்கம் என்று ஆளாளுக்குப் போன் செய்தால் அங்கே இருப்பவர்கள் யாருக்கும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

பாயிடம் முதலில் கேட்டு வாங்கியது மாமாவின் பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இக்காமா என்ற சவுதி குடியிருப்பு அட்டை, ஆஸ்பத்திரி கொடுத்த இறப்பு அறிவிப்பு ஆகியவற்றின் படங்கள். அறையில் நடந்த மரணம் என்பதால் போலீஸ் வந்து பார்த்து, உடல் அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போய்விட்டது. போலீஸ் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வந்த பிறகுதான் மற்றது எதுவும் நகரும். அதற்கு அப்புறம் இந்தியத் தூதரகம் இறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை அனுப்பத் தடையில்லை என்று சான்று கொடுக்கும். சவுதியில் தகனத்துக்கு அனுமதி கிடையாது. குடும்பம் சம்மதித்தால் அங்கேயே அடக்கம் செய்யலாம். அத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், இங்கேதான் வரணும் என்று.

செலவை நினைத்து எல்லோரும் பயந்துவிட்டார்கள். உறவில் ஒருவர் நகையை அடகு வைக்கலாம் என்று கிளம்பியேவிட்டார். வைக்கத் தேவையில்லை. சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, தொழிலாளி இறந்தால் உடலைத் தயார் செய்து சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதியதும் கம்பெனியின் பதிலில் தொனியே மாறியது. முதலாளி கொடுக்காத, கதியற்ற குடும்பங்களுக்குத் தூதரகங்களில் இந்திய சமுதாய நல நிதி என்று 2009 முதல் ஒன்று இருக்கிறது. இதற்கு நடுவில் முன்பின் தெரியாத சிலரும் போன் செய்து, பணம் கொடுத்தால் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்றார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைப்பது சம்மதக் கடிதத்தைப் பற்றி. உடலை அனுப்பக் குடும்பத்தின் சம்மதமும், அங்கே வேலையைப் பார்க்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரமும் வேண்டும். கம்பெனியே ஒரு மாதிரிக் கடிதம் தட்டச்சு செய்து அனுப்பியது. ஒரு பக்கம்தான். பாஸ்போர்ட் எண், உறவுமுறை, உடல் இறங்க வேண்டிய விமான நிலையம் எல்லாம் சரியாக இருந்தன. நடுவில் ஒரு வரி: குடும்பத்துக்கு நிறுவனத்திடமிருந்து வரவேண்டியது எதுவும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம்.

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “அவரு வந்தாப் போதும் கண்ணு, காசு எதுக்கு” என்று பேனாவைக் கேட்டார். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். அது தெரிந்தேதான் அந்த வரியை அங்கே வைக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடல் வருவதற்கான கடிதம் வேறு, பணத்துக்கான கடிதம் வேறு. இரண்டையும் ஒரே தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஒரு நோட்டரி வக்கீலிடம் போய், அந்த வரியை எடுத்துவிட்டு, “இந்த அதிகாரம் உடலை அனுப்புவதற்கு மட்டும், சம்பள பாக்கி, பணிக்கொடை, இழப்பீடு ஆகியவற்றில் வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும்” என்று புதிதாக எழுதி வாங்கினோம். கம்பெனி முதலில் ஏற்கவில்லை. தூதரகத்தின் நலப் பிரிவுக்கு நகல் போட்டு எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கையெழுத்து அத்தை மட்டும் போட்டால் போதாது. இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகை வாரிசு. அதனால் பாட்டியையும் பஸ்ஸில் கீழே அழைத்துவந்தோம். முத்திரைத்தாளில் கட்டை விரலை வைத்தபோது ரேகை சரியாக விழவில்லை, மை மட்டும் ஒரு கறுப்பு வட்டமாக நின்றது. ஆயுசு முழுக்க எஸ்டேட்டில் காபி பறித்த விரல். நோட்டரி ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மெதுவாக உருட்டி வைக்கச் சொன்னார். பாட்டி ஒன்றுமே பேசவில்லை.

இன்னொரு சிக்கல், மாமா பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் இல்லை. கல்யாணத்துக்கு முன் எடுத்தது. ரேஷன் கார்டு, ஆதார் நகல்களோடு விஏஓ கொடுத்த சான்றையும் வைத்தோம். வெளிநாட்டில் யாராவது இருந்தால், அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது துணைவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

நாள்களையும் கவனிக்க வேண்டும். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே ஞாயிறு. இரண்டு பக்கமும் ஆபீஸ் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். நேரமும் இரண்டரை மணி பின்னால், அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. வியாழக்கிழமை மதியத்துக்குள் அனுப்பாத காகிதம் அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதிவு செய்து எண் வாங்கினேன். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் அத்தை பெயரில் மனு கொடுத்தோம். சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதினோம். விமான நிலையத்திலிருந்து ஊர் வரை அமரர் ஊர்தி ஏற்பாடு செய்தது அந்தத் துறைதான். போனில் பேசியவர்கள் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பேசினார்கள்.

சேலத்துக்கும் விமான நிலையம் இருக்கிறது, காமலாபுரத்தில். வெளிநாட்டு விமானம் வராது என்பதால் சென்னைக்கு வாங்கினோம். உடல் வருவது பயணிகள் முனையத்தில் இல்லை, சரக்கு முனையத்தில். சுகாதார அமைச்சகம் 2023இல் ‘இ-கேர்’ என்ற தளம் தொடங்கியிருக்கிறது. இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் நகல் ஆகிய நான்கையும் அதில் ஏற்றினால் விமான நிலைய சுகாதார அதிகாரியின் அனுமதி வந்துவிடும். விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டால் இங்கே காத்திருப்பு குறையும். வாங்கப் போகிறவரின் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே சரக்குச் சீட்டிலும் இருக்க வேண்டும்.

பெட்டி சாக்குத் துணியில் சுற்றி வந்தது. மேலே ஒட்டிய தாளில் மாமா பெயரும் எடையும். பெட்டிக்கு உள்ளே துத்தநாகத் தகடு வைத்து மூடியிருப்பார்கள், கனம் நாம் நினைப்பதைவிட அதிகம். ஆள் பலத்தோடு போங்கள்.

உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக வந்து, சேலம் ஊருக்குள் போகாமல் அயோத்தியாப்பட்டணத்தில் குப்பனூர் சாலைக்குத் திரும்பினோம். அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவு, அந்தப் பெட்டியோடு வேண்டாம் என்று டிரைவரே சொன்னார். கடைசியில் வண்டி போகாத பாதையில் ஊர் இளைஞர்கள் மூங்கில் கட்டித் தூக்கினார்கள். எரிப்பதாக இருந்தால் தகட்டுப் பெட்டியிலிருந்து உடலை மாற்ற வேண்டும். எங்களுக்கு அடக்கம் செய்வதுதான் வழக்கம், அதனால் அந்தச் சிரமம் இல்லை. கருமாதியை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, அடக்கம் செய்த நாளிலிருந்தா என்று பேச்சு வந்தது. பெரியவர்கள் கூடி அடக்கம் செய்த நாள் என்றார்கள்.

இதற்குப் பிறகுள்ள வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளூரில் இறப்பைப் பதிவு செய்து வரச் சொன்னார்கள் ஓரிடத்தில். தேவையில்லை. தூதரகத்தில் செய்த பதிவு, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 20ஆவது பிரிவுப்படி இங்கே பதிந்ததற்குச் சமம். அந்தச் சான்றை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். விஏஓவும் ஆர்ஐயும் விசாரித்து, தாசில்தார் கொடுத்தார்.

குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு, 10 லட்சம். அது விபத்து மரணத்துக்கு, மாமாவுக்குப் பொருந்தவில்லை. ஆனால் பணிக்கொடை பொருந்தும். சவுதி சட்டம் 84ஆவது பிரிவுப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதம். ஒன்பது வருஷத்துக்கு ஆறரை மாதச் சம்பளம். அன்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதைக் கேட்கவே முடிந்திருக்காது.

கம்பெனி அனுப்பிய கணக்கில் எடுக்காத விடுப்புக்கான சம்பளம் இல்லை. பாய் எடுத்து அனுப்பிய சம்பளச் சீட்டுகளை இணைத்துத் திருப்பி எழுதியிருக்கிறேன், நகல் நலப் பிரிவுக்கும். மதத் எண்ணை மூடச் சொல்லி வந்த செய்திக்கு, பணம் வரும்வரை மூடக்கூடாது என்று பதில் போட்டுவிட்டேன். தூதரகம் வழியாக வரும் தொகை கலெக்டர் ஆபீஸ் மூலம் வாரிசுகளுக்குப் போகும் என்பதால் அத்தைக்கும் பாட்டிக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு தொடங்கியாகிவிட்டது.