தாங்கிக்குள் தேங்கும் பெற்றோல்: யாழ்ப்பாணம், 2022 நாட்குறிப்பு

ஜூன் 26, ஞாயிறு

இன்று முதல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, ஓட்டோ டீசல் 460. மார்ச் தொடக்கத்தில் இவை 177உம் 121உம் ஆக இருந்தன.

எரிபொருள் பஞ்சம் பொய்யில்லை. நாட்டிடம் டொலர் இல்லை, காசு கட்டாமல் கப்பல் இறக்காது. ஆனால் செற்றில் (எரிபொருள் நிலையத்தில்) நிற்கும் வரிசையின் நீளம் முழுக்கக் கப்பலின் கணக்கில் வராது. ஓர் ஊரில் 1,000 மோட்டார் சைக்கிள் என்று வைப்போம். தாங்கி 10 லீற்றர் கொள்ளும். சாதாரண காலத்தில் 300, 500 ரூபாவுக்கு அடித்து ஓடுகிற ஆட்களின் தாங்கியில் சராசரியாக 3 லீற்றர்தான் கிடக்கும். பயம் வந்ததும் எல்லோரும் 8 லீற்றருக்குக் குறையாமல் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். ஒருவர்கூட ஒரு கிலோமீற்றர் அதிகம் ஓடவில்லை, ஆனால் 5,000 லீற்றர் போய்த் தாங்கிகளில் முடங்கிவிட்டது. செற்றுக்கு வரும் சிறிய பவுசர் (எரிபொருள் ஏற்றிவரும் லொறி) 6,600 லீற்றர். அதில் முக்கால் பங்கு இப்படியே கரைந்தது.

காசில் கட்டுப்பாடு வைத்ததும் பிழை. ஏப்ரல் 15இல் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடவை 1,000 ரூபாவுக்கு மட்டும்தான் என்றார்கள். அன்றைய 254 ரூபா விலையில் அது 3.9 லீற்றர். நாலு நாளில் விலை 338 ஆனது, அதே 1,000 ரூபாவுக்கு 2.96 லீற்றர். இன்றைய விலையில் 2.13. அளவு சுருங்கச் சுருங்க ஆள் வரிசைக்குத் திரும்பி வரும் நாள் கிட்டவாகும். பங்கிடுவதென்றால் லீற்றரில் பங்கிட வேண்டும்.

ஜூன் 28, செவ்வாய்

ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். ஆகவே பெரும்பாலான வண்டிகள் இரண்டு கிழமை நிற்கப்போகின்றன. நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

காபரேற்றர் உள்ள மோட்டார் சைக்கிளில் பெற்றோல் திருகியை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றர்க் கிண்ணத்தில் தேங்கும் பெற்றோல் இந்த வெக்கைக்கு ஆவியாகி, பிசினாக ஜெற்றின் (பெற்றோல் போகும் நுண்குழாயின்) ஓட்டையை அடைக்கும். பிறகு ஸ்ரார்ட் ஆகாமல் உதைத்து உதைத்து வீணாகும் பெற்றோல், மிச்சம் பிடித்ததைவிட அதிகம். காரில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி வையுங்கள். ரயருக்கு வழமையைவிடக் கொஞ்சம் கூடக் காற்று.

பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர் அடித்தட்டு வரை ஓடிவிட்டு நிறுத்த வேண்டாம். தாங்கிக்குள் இருக்கும் மின் பம்பைக் குளிரவைப்பதே அந்தப் பெற்றோல்தான். வெறும் தாங்கியில் ஓடினால் பம்ப் கருகும், அதன் விலையில் பல மாதப் பெற்றோல் வாங்கலாம்.

ஜூலை 1, வெள்ளி

வீட்டில் சேமித்து வைப்பது பற்றி. வேண்டாம் என்பதுதான் பதில். ஆனாலும் வைக்கிறார்கள், ஆகவே எது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்திருக்கட்டும்.

பெற்றோல் -40 பாகைக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடும். நம் ஊர் வெக்கையில் மூடி சற்றுத் தளர்ந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம். மேலே போகாது, தரையோடு படர்ந்து கதவடியால் அடுத்த அறைக்குப் போகும். குசினியில் அடுப்பு எரிந்தால் அங்கிருந்து நெருப்பு திரும்பி வரும். மின்வெட்டில் மெழுகுதிரி கொளுத்துகிற வீட்டில் கட்டிலுக்குக் கீழே கேன் வைப்பதைவிட ஆபத்தான வேலை இல்லை.

தண்ணீர்ப் போத்தல், குளிர்பானப் போத்தல் ஒன்றும் ஆகாது. மூடி ஆவியைத் தாங்காது. அதைவிட முக்கியம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் என்றாலும் இதே கதைதான். குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதே கொல்லும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சிறிய கைப்பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேனை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. 10 பாகை சூடு ஏறினால் 20 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் விரியும். அதற்கு மேல் ஆவியின் அழுத்தம் வேறு. 20 லீற்றர் கேனில் 19க்கு மேல் வேண்டாம். ஊற்றும்போது கேனை நிலத்தில் வையுங்கள், வான் வண்டியின் பின்தட்டில் வைத்தபடி ஊற்றினால் நிலைமின் பொறி வரலாம். பெற்றோலுக்கென்று செய்த கேன் இல்லாவிட்டால், பாதுகாப்பான இடம் வண்டியின் தாங்கிதான். அதற்குப் பூட்டுள்ள மூடி போடுங்கள்.

ஜூலை 5, செவ்வாய்

மண்ணெண்ணெய் 87 ரூபா, டீசல் 460. லீற்றருக்கு 373 ரூபா இடைவெளி. இந்த இடைவெளி இருக்கும்வரை கலப்படம் இருக்கும். பொலிசாரால் அதை நிறுத்த முடியாது.

ஊரில் பெரியவர்கள் சொல்வது உண்மைதான்: தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் வராத காலத்தில், யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடியது. குடாநாட்டுத் தெருவில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் புகை கக்கிக்கொண்டு போயின. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் கொடுத்து ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் அந்த எஞ்சின்களின் அமுக்கவீதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) குறைவு, ஒக்ரேன் (தட்டாமல் எரியும் திறன்) தாழ்ந்த எரிபொருளையும் தாங்கின. இன்றைய 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் அமுக்கவீதம் 9க்கு மேல். அதில் மண்ணெண்ணெய் கலந்தால் முதலில் ஏற்றத்தில் 'கட கட' என்று தட்டும், பிறகு பிளக் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் அளவு கோலில் மட்டம் ஏறியிருந்து மண்ணெண்ணெய் மணத்தால், அதே நாளில் ஒயிலை மாற்றுங்கள். 'ஒயில் குறையவில்லை, நல்லது' என்று சந்தோஷப்படுபவர்கள்தான் அடுத்த மாதம் பிஸ்ரன் றிங் மாற்றுகிறார்கள்.

டீசலில் கலந்தால் வேறு கேடு. டீசலின் வழவழப்புத்தான் இன்ஜெக்ரர் பம்பைக் காப்பது. மண்ணெண்ணெயில் அது குறைவு. பழைய உழவு இயந்திரம் கொஞ்சம் பொறுக்கும். கொமன் றெயில் (மிகை அழுத்தத்தில் டீசலைப் பீச்சும் புது முறை) வான் பொறுக்காது.

வாங்கிய பெற்றோலைச் சோதிக்க: சுத்தமான வெள்ளைத் தாளில் ஒரு துளி. இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்தால் நல்லது, எண்ணெய்ப் பொட்டு நின்றால் கலப்படம். தராசில் நிறுத்துப் பார்க்கும் யோசனையும் சுற்றுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 740 கிராம், மண்ணெண்ணெய் 800. ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலும் வித்தியாசம் 12 கிராம்தான், கடைத் தராசு அதைக் காட்டும் என்று நம்பாதீர்கள்.

ஜூலை 8, வெள்ளி

டீசல் அடியோடு முடிந்து நின்ற வான்களும் உழவு இயந்திரங்களும் கூடிவிட்டன. டீசல் ஊற்றினாலும் ஸ்ரார்ட் ஆகாது, குழாய்க்குள் காற்று ஏறியிருக்கும். எயர் எடுக்க வேண்டும்.

குறைந்தது 5 லீற்றர் ஊற்றுங்கள். பில்ரர் தலையில் உள்ள எயர் ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, வண்டியிலுள்ள, டீசலை ஏற்றும் கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். நுரையில்லாமல் தாரையாக வரும்போது, ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஆணியை இறுக்குங்கள். இன்ஜெக்ரர் பம்பில் ஆணி இருந்தால் அதற்கும் இதே வேலை. பழைய எஞ்சினில் இரண்டு இன்ஜெக்ரர் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்ராட்டரால் 10 செக்கன் சுற்றவிட்டால் மிச்சக் காற்றும் போகும். ஸ்ராட்டரை 15 செக்கனுக்கு மேல் தொடர்ந்து பிடிக்க வேண்டாம், ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

கொமன் றெயிலில் அந்த நட்டைத் தொடவே கூடாது. உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஜூலை 18, திங்கள்

நேற்று 20 ரூபா குறைந்து பெற்றோல் 450, டீசல் 440. சனிக்கிழமை, வண்டிக்குக் கிழமைப் பங்கு தரும் தேசிய எரிபொருள் அட்டை அறிவிக்கப்பட்டது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி (வண்டிச் சட்டக) இலக்கம், கைப்பேசி இலக்கம் கொடுத்தால் கியூஆர் குறியீடு வரும்.

பதிவில் தடக்குவது பெரும்பாலும் செசி இலக்கத்தில். பூச்சியத்தை 'ஓ' எழுத்தாக அடிக்கிறார்கள். லீசிங்கில் உள்ள வண்டியின் புத்தகம் கையில் இல்லையென்றால், மோட்டார் சைக்கிளில் ஹாண்டில் கழுத்துக் குழாயில் குத்தியிருக்கும். அழுக்கைத் துடைத்துப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோகலாம். மழைக்கும் பெற்றோல் கைக்கும் தாளே நல்லது, லமினேற் செய்தால் போதும்.

ஜூலை 21, வியாழன்

இலக்கத்தகட்டின் கடைசி இலக்கப்படி எரிபொருள் அடிக்கும் நாள்: 0, 1, 2 செவ்வாயும் சனியும், 3, 4, 5 வியாழனும் ஞாயிறும், 6, 7, 8, 9 திங்கள், புதன், வெள்ளி.

வரிசையில் எஞ்சினை நிறுத்தித் தள்ளுங்கள். நின்றபடி ஓடும் கார் மணிக்கு முக்கால் லீற்றர் அளவில் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் அதிகம். ஆறு மணி நேரம் உறுமிக்கொண்டு நின்றால் வாங்கப்போகும் 20 லீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கும் முன்பே போய்விட்டது.

பவுசர் இறக்கும்போதே முதல் ஆளாக அடிப்பதில் பெருமை இல்லை. நிலத்தடித் தாங்கியின் அடியில் மண்டியும் தண்ணீரும் கிடக்கும். வழமையாக உறிஞ்சு குழாய் அதற்கு மேலே நிற்பதால் தெரியாது. இப்போது தாங்கிகள் வற்றிப்போய்க் கிடந்து நிரம்புகின்றன, பவுசரின் தாரை அடிமண்டியைக் கலக்கிவிடும். அரை மணி நேரம் அடங்கவிட்டால் நல்லது. யார் விடப்போகிறார்கள்? அதனால் உங்கள் பெற்றோல் குழாயில் கண்ணாடிபோல் தெரிகிற சின்னப் பில்ரர் ஒன்றைப் போடுங்கள். அடியில் குமிழாகத் திரண்டு நிற்பது தண்ணீர். றிசேவில் (தாங்கியின் கடைசி மிச்சத்தில்) ஓடுவோருக்கு இது முதலில் வரும், றிசேவ் வாய் தாங்கியின் அடியில் இருப்பதால்.

ஆகஸ்ட் 1, திங்கள்

இன்று முதல் நாடு முழுக்கக் கியூஆர் மட்டுமே. கிழமைக்கு மோட்டார் சைக்கிள் 4 லீற்றர், முச்சக்கர வண்டி 5, கார் 20, வான் 20, பஸ் 40, லொறி 50. முச்சக்கர வண்டிக்கு 5 என்பது வாடகைக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு நாள் பாடு. அதை நிர்ணயித்தவர்கள் ஓட்டோவில் ஏறியதில்லை போலும்.

100 சி.சி. வண்டிக்கு 4 லீற்றர் 240 கிலோமீற்றர், வண்டி சரியாக இருந்தால். லீற்றருக்கு 60 தரவேண்டியது 45தான் தருகிறதென்றால் இந்த வரிசையில் பாருங்கள்: ரயர் காற்று (முன் 25, பின் 28 பி.எஸ்.ஐ. அளவில்). பிறேக் உரசுகிறதா, சில்லைத் தூக்கிச் சுற்றினால் சுழல்கிறதா. செயின் தளர்வு 25 முதல் 30 மில்லிமீற்றர். எயர் பில்ரர். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். சொக் முழுக்கத் திரும்புகிறதா. கேபிள் இறுகி அரைச் சொக்கிலேயே ஓடும் வண்டிகள் நிறைய. இத்தனையும் பார்த்த பிறகே காபரேற்றரில் கை வையுங்கள். பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள், காற்றுத் திருகாணியைக் கண்டபடி திருகிப் பெற்றோலைக் குறைத்ததாக நினைக்கிறார்கள். கலவை மெலிந்தால் எஞ்சின் சூடேறி வால்வு கருகும்.

செற்றில் காசைச் சொல்லாமல் லீற்றரைச் சொல்லுங்கள். உங்கள் பங்கில் எத்தனை லீற்றர் கழித்தார்கள் என்பதை வந்த குறுஞ்செய்தியில் அங்கேயே பாருங்கள், வீட்டுக்கு வந்தபின் பேசிப் பயனில்லை.

ஆகஸ்ட் 12, வெள்ளி

வரிசைகள் சுருங்கிவிட்டன. கப்பல் நிறைய வந்துவிடவில்லை. 4 லீற்றர் தன் பெயரில் இருக்கிறது, வேறு யாரும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஆட்கள் விடியப்புறம் ஓடிவருவதை விட்டார்கள். அதோடு, ஒரே வண்டி மூன்று செற்றில் நிரப்பி வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வேலையும் நின்றது. முடங்கிக் கிடந்த அந்த 5,000 லீற்றர் மெல்ல மெல்லத் தெருவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 22, திங்கள்

மண்ணெண்ணெய் 87இலிருந்து 340. டீசல் இப்போது 430. கலப்படத்தின் இலாபம் 90 ரூபாவாகச் சுருங்கியது, அது நல்லது. ஆனால் அதன் விலையைக் கட்டுவது கடற்கரை.

கண்ணாடியிழைப் படகின், மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின் ஒரு தொழிலுக்கு (கடலுக்குப் போய்வர ஒரு தடவைக்கு) 25 லீற்றர் எடுக்கும் என்று வைத்தால், நேற்று வரை 2,175 ரூபா. இன்று 8,500. மீன் வலையில் படுகிறதோ இல்லையோ இது போகும். குறைக்க வழிகள் கொஞ்சம்தான்: முழு வேகத்திலிருந்து முக்காலுக்கு இறங்குங்கள், கடைசிக் கால் வேகத்துக்குத்தான் அதிகம் குடிக்கிறது. விளிம்பு நெளிந்த காற்றாடியை (தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரை) மாற்றுங்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டவிடாதீர்கள். கரைக்கு வரும்போது கடைசிச் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓடி நிறுத்துங்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் விடியப்புறம் குளிரில் பிடிக்காது, கயிற்றை இழுத்தே நேரம் போகும். அதற்கு ஒரு தொழிலுக்கு அரை லீற்றர் பெற்றோல் வேண்டும்.