ஒரு பொருள் மூன்றான கதை

போன மாதம் மூன்று நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு பில். எங்கள் சர்வீஸ் ஜாவாவில் எழுதிய பழைய சோப் (SOAP) சர்வீஸ், அதாவது மற்ற புரோகிராம்களோடு எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் இட்ட உரையில் தகவல் பரிமாறுவது; அதை அழைத்துப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் டெஸ்ட் கிளையன்டும் ஜாவாதான், அதனால் டெஸ்டெல்லாம் எப்போதும் பாஸ். அதைப் பிஎச்பியில் இருந்து அழைக்கிற வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "சார், ரெண்டு பொருள் வாங்கினா பில் சரியா வருது, ஒண்ணு மட்டும் வாங்கினா மூணு வெற்று வரி வருது." நான் நம்பவில்லை. உங்கள் புரோகிராம் கோடைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாளும் அதே போன். சரி, கிளையன்டில், போய் வரும் செய்திகளைப் பிடித்து வைக்கும் ட்ரேஸ் ஆப்ஷனைப் போட்டு, கடைசியாக வந்த எக்ஸ்எம்எல்லை அப்படியே அனுப்பச் சொன்னேன். எக்ஸ்எம்எல்லில் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது: பிஎச்பியின் சோப் கிளையன்ட், ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் எலிமென்ட் வந்தால்தான் அதை அரே, அதாவது பட்டியல் ஆக்கும், ஒன்றே ஒன்று வந்தால் அதன் விவரங்களை மட்டும் வைத்திருக்கும் வெறும் ஆப்ஜெக்டாகக் கொடுத்துவிடும். அதைப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றும் ஃபார்ஈச்சில் விட்டால் பிஎச்பி சண்டை போடாது, அந்த ஆப்ஜெக்டின் ஃபீல்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். பெயர், எண்ணிக்கை, விலை. ஆக மூன்று வரி! லாகில் வார்னிங் விழுந்துகொண்டுதான் இருந்தது, யார் பார்த்தது? சிங்கிள் எலிமென்ட் அரேஸ் என்று ஒரு ஆப்ஷன் அதற்கென்றே இருக்கிறது, அதைப் போட்டதும் தீர்ந்தது.

அந்தச் சூட்டோடு சி ஷார்ப் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் 5 என்று போட்டு அனுப்பினால் எங்களிடம் எண்ணிக்கை 0 என்று பதிவாகிறது. சர்வீஸை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் ஃபைலான டபிள்யூஎஸ்டிஎல்லில் அந்த ஃபீல்டைக் கட்டாயமில்லை என்று வைத்திருந்தோம். அப்படி இருந்தால், சி ஷார்ப் ஓடும் தளமான டாட் நெட் உருவாக்கும் கிளாஸில் ஒவ்வொரு எண் ஃபீல்டுக்கும் பக்கத்தில், பெயரோடு ஸ்பெசிஃபைட் என்று ஒட்டிய பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) ஒன்று வரும், அதை ட்ரூ ஆக்காவிட்டால் மதிப்பு எக்ஸ்எம்எல்லில் ஏறவே ஏறாது. இதில் எங்கள் பங்கும் உண்டு. மதிப்பே இல்லாமல் நல் (null) வந்தால் 0 என்று எடுத்துக்கொள் என எப்போதோ ஒரு வரி எழுதி வைத்திருந்தோம். அந்த வரி இல்லாமல் இருந்தால் முதல் நாளே எர்ரர் வந்திருக்கும். எழுதியது நான்தான் என்று, கோடை யார் மாற்றினார் எனப் பதிந்து வைக்கும் கிட் வரலாறு சொல்கிறது.

எண்ணிக்கையைக் கட்டாயமாக்கினோம், கூடவே ஆர்டரை ரத்து செய்ய ஒரு புது ஆபரேஷனும் சேர்த்தோம். உடனே பிஎச்பிக்காரரிடமிருந்து போன்: அப்படி ஒரு ஃபங்ஷனே இந்த சர்வீஸில் இல்லை என்று எர்ரர் வருகிறதாம். இந்த முறை நான் வாய் விடவில்லை. பிஎச்பி டபிள்யூஎஸ்டிஎல்லை கேஷ் செய்து, அதாவது நகலெடுத்து வைத்து அந்தப் பழைய நகலையே பயன்படுத்தும், வழக்கமாக 86400 விநாடி, அதாவது முழுசாக ஒரு நாள். டெம்ப் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்டிஎல் என்று தொடங்கும் ஃபைல்களை அழிக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில், "வந்துடுச்சு சார்."