உறைந்த கடலில் ஒரு பருவம்: பாண்ட் இன்லெட் குறிப்புகள்

நவம்பர் 4

இடம் கனடாவின் பாஃபின் தீவு, வடகோடி. இங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் மித்திமத்தலிக் என்பார்கள். வரைபடத்தில் பாண்ட் இன்லெட்.

தமிழில் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே உறைந்த கடல் என்றால் ஐஸ், அதன்மேல் விழுந்து கிடப்பது பனி. இரண்டையும் குழப்பினால் பாதி விஷயம் புரியாது.

கடல்நீர் சுமார் −1.8 டிகிரியில் உறையும். முதலில் படிவது சிக்குவாக், மெல்லிய புது ஐஸ். ஏரி ஐஸ் படீரென உடையும். கடல் ஐஸில் உப்புநீர் சிக்கிக் கிடப்பதால் காலடியில் வளைந்து கொடுக்கும். வளைகிறது என்பதால் தாங்கும் என்றும் சொல்ல முடியாது, உடையும் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் தூக் என்ற இரும்பு முனைக் கோலால் முன்னால் குத்திக் குத்தி நடப்பார்கள். ஒரே குத்தில் கோல் இறங்கி நீர் வந்தால், வந்த தடத்திலேயே திரும்ப வேண்டியதுதான். ஐஸ் கறுத்துத் தெரிந்தால் மிக மெல்லியது. தடிக்கத் தடிக்கச் சாம்பலாகி வெளுக்கும். ஆனால் நாலு விரற்கடை புதுப்பனி விழுந்துவிட்டால் எல்லாம் வெள்ளைதான். நிறத்தை நம்பிப் பயனில்லை.

நவம்பர் 19

சீக்கிரமே கனத்த பனி விழுவது நல்லதல்ல. பனி வெப்பத்தைக் கடத்துவது ஐஸைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். 10 செ.மீ. பனி, 70 செ.மீ. ஐஸுக்குச் சமமான கம்பளி. மேலே −30 டிகிரி குளிர் அடித்தாலும் அடியில் ஐஸ் மெதுவாகத்தான் தடிக்கும்.

பாரமும் உண்டு. பனியின் உயரம் ஐஸ் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஐஸின் மேற்பரப்பே நீர்மட்டத்துக்குக் கீழே அமுங்கும். விரிசல் வழியே ஏறிய நீர், பனிக்கடியில் கூழாக நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் இதில் புதைந்தால், இழுத்தவுடனே ஓடுபட்டையில் ஒட்டிய கூழைத் தட்டி உதிர்க்க வேண்டும். கொஞ்சம் விட்டால் கல்லாக இறுகி, பட்டை சுழலாது.

ஜனவரி 22

சூரியன் இன்னும் வரவில்லை. தெற்கே இக்லூலிக் பக்கம் இருட்டில் வழி காட்டுவது உக்கலுராயித்: வடமேற்குக் காற்றான உவாங்னக் செதுக்கி இறுக்கிய, நாக்கு வடிவப் பனித்திட்டுகள். அவற்றை ஒரே கோணத்தில் குறுக்காகக் கடந்தால் திசை மாறாது. காற்றின் போக்கு மாறி, திட்டுகளும் முன்போல் நம்பகமாக இல்லை என்கிறார்கள் முதியவர்கள். ஜிபிஎஸ் நேர்கோடு காட்டும். அந்தக் கோட்டுக்கு அடியில் ஐஸ் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

மார்ச் 9

ஐஸின் தடிமனை அளந்து ஊராருக்குச் சொல்லும் ஸ்மார்ட் ஐஸ் அமைப்பின் கருவி இரண்டு வகை. ஒன்று, ஐஸில் நட்டுவைக்கும் மிதவை. காற்று, பனி, ஐஸ், நீர் என்று மேலிருந்து கீழ்வரை வெப்பநிலை அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்பும். மற்றது ஸ்னோமொபைலுக்குப் பின்னால் இழுக்கும் மின்காந்த உணரி. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிக்கும். கிடைப்பது பனியும் ஐஸும் சேர்ந்த தடிமன், பலம் அல்ல. நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கும் குறுகலான இடங்கள் எவை என்பதை ஊரார்தான் சொல்ல வேண்டும்.

கருவியை ஏற்றும் சறுக்குவண்டி கமுத்தீக். குறுக்குச் சட்டங்களை ஆணி அடிக்காமல், அடியில் சறுக்கும் ஓட்டுமரத்தில் துளையிட்டுக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். மேடுபள்ளத்தில் ஒவ்வொரு கட்டும் சற்றே நெகிழும். ஆணி அடித்திருந்தால் அந்த இடத்தில் மரம் பிளக்கும்.

மே 27

கரையோடு ஒட்டிய ஐஸ் துவக். அது முடிந்து திறந்த கடல் தொடங்கும் விளிம்பு சினாக். இங்கே கவனிக்க வேண்டியவை காற்றும் ஓதமும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிது; அப்போது கரையிலிருந்து காற்றும் வீசினால் விளிம்பு பிய்ந்து கடலுக்குள் போய்விடும். விளிம்புக்கு இணையாகப் பின்னால் ஒரு விரிசல் அகலத் தொடங்கினால், சாமான் கட்டிக்கொண்டிருக்காமல் முதலில் அதைக் கடந்து கரைப்பக்கம் வர வேண்டும். சிறு படகு ஒன்றைக் கமுத்தீக்கில் கட்டிக்கொண்டு போவது இதற்கும்தான்.

ஜூன் 18

மேலே உருகிய நீர் குட்டைகளாக நிற்கிறது. வெளிர்நீலக் குட்டையின் அடியில் இன்னும் ஐஸ் இருக்கிறது. கறுத்த குட்டை, அடிவரை உருகியிருக்கலாம். விரிசலிலும் சீல் என்னும் கடல்நாயின் மூச்சுத்துளையிலும் நீர் சுழித்து வடியும், வடிய வடியத் துளை பெருக்கும். வடிந்தபின் மேற்பரப்பு மறுபடி வெளுக்கும். நவம்பரில் புதுப்பனி மூடாத வெள்ளை என்றால் தடித்தது. ஜூனில் அந்த வெள்ளையையும் குத்திப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும்.