மூன்றாவது குழி

எலியின் தொடை எலும்பை இரண்டு முனையிலும் வெட்டி, ஊசியால் மஜ்ஜையைப் பீய்ச்சி எடுத்து ஏழு நாள் இன்குபேட்டரில் வளர்த்தால், தட்டு முழுக்க மேக்ரோஃபேஜ்கள் ஒட்டிப் படர்ந்திருக்கும். கிருமியை விழுங்குகிற வெள்ளணுக்கள்.

போன வாரம் அந்தச் செல்கள் வளரும் தட்டில் மூன்று சிறு குழிகளை எடுத்துக்கொண்டேன். முதல் குழியில் டிஎன்எஃப், இரண்டாவதில் இன்டர்ஃபெரான் காமா, மூன்றாவதில் இரண்டும். கிருமி வந்துவிட்டது என்று செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் புரதங்கள் இவை, சைட்டோகைன்கள் என்போம். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், முதல் இரண்டிலும் செல்கள் கால் பரப்பிக்கொண்டு நன்றாகவே இருக்கின்றன. மூன்றாவதில் பெரும்பாலானவை உப்பி உருண்டு கிடக்கின்றன. செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் பச்சைச் சாயத்தை விட்டேன். அந்தக் குழி முழுக்கப் பச்சை.

இதைக் கண்டறிந்து வெளியிட்டது அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் இருக்கும் திருமலாதேவி கன்னேகண்டியின் குழு. தெலங்கானாவில் பிறந்தவர். கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் எகிறியிருந்த சைட்டோகைன்களை ஒவ்வொன்றாகச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக எதுவும் பெரிதாகக் கொல்லவில்லை. சேர்த்துச் சேர்த்துக் கொடுத்ததில் இந்த ஒரு ஜோடி சிக்கியது. 2021-ல் 'செல்' இதழில் வெளியிட்டார்கள்.

இரண்டு செய்தியும் சேர்ந்தால் செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடு பெருகுகிறது, அது கேஸ்பேஸ்-8 என்ற நொதியைக் கிளப்பிவிடுகிறது. அப்புறம் நடப்பது ஒரே வகைச் சாவு இல்லை. ஓசையில்லாமல் சுருங்கிச் சாகும் அப்போப்டோசிஸ், சவ்வில் ஓட்டை போட்டு உள்ளிருப்பதைக் கொட்டும் பைராப்டோசிஸ், செல் வெடித்துச் சாகும் நெக்ரோப்டோசிஸ் மூன்றும் பின்னிக்கொண்டு வருகின்றன. பான்ஆப்டோசிஸ் என்று இதற்குப் பேர் வைத்தவரும் கன்னேகண்டிதான். கொட்டிய சரக்கு பக்கத்துச் செல்களை உசுப்ப, அவையும் சைட்டோகைன் விட, அப்படியே சுற்றிக்கொண்டு போகும்.

அந்த 2021 மே மாதம் என் அத்தை ஐசியூவில் இருந்தார். "கிருமி குறைஞ்சிருச்சும்மா, இப்ப அவங்க உடம்பேதான் அவங்களை அடிக்குது" என்றார் மருத்துவர். நான்காம் நாள் அத்தை போய்விட்டார். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இந்த மூன்றாவது குழியில்தான் எனக்குப் புரிந்தது. கன்னேகண்டி குழுவினர் கொரோனா தொற்றிய எலிகளுக்கு இரண்டு சைட்டோகைன்களையும் தடுக்கும் ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, கணிசமான எலிகள் பிழைத்தன. மனிதர்களுக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாது. தொற்றை எதிர்க்க அதே செய்திகள் நமக்கு வேண்டும்.

அதனால் எனக்கு நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. திங்கட்கிழமை புதுத் தட்டு தயாராகிவிடும். இன்டர்ஃபெரானை முதலில் விட்டு, ஆறு மணி நேரம் கழித்து டிஎன்எஃப் சேர்க்கப் போகிறேன்.