கவர்னரைக் கழற்றுவதற்கு முன்னால் ஃப்ளைவீலைப் பாருங்கள்

மினி பைக் (குட்டி ஃப்ரேமில் சின்ன எஞ்சினைப் பூட்டிய வண்டி) கட்டுகிறவர்களிடம் எஞ்சினில் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதல் பதில் எப்போதும் "கவர்னரைத் தூக்கிடு" என்பதுதான். கவர்னர் என்பது எஞ்சின் சுற்று ஒரு அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கிற பாகம். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன் நான். காரணத்தைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது கால் போகிற விஷயம்.

இங்கே அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் எடுப்பது ஹார்பர் ஃப்ரெயிட் கடையில் விற்கும் பிரிடேட்டர் 212. ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினைப் பார்த்து வடிவமைத்தது. ஹோண்டாவின் போர் (சிலிண்டர் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 54. இதில் 70க்கு 55. ஊரில் பவர் வீடரிலும் சின்னத் தண்ணீர் பம்பிலும் ஓடுவதும் பெரும்பாலும் இதே குடும்பம், அதனால் நம்மூர் மெக்கானிக் ஒருவர் கையில் கொடுத்தால் யோசிக்காமல் பிரித்துவிடுவார். 6.5 ஹெச்பி, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர். ஆயில் பம்ப் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. பிஸ்டனைச் சுழல்கிற கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நாக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலை அடித்துச் சிதறவிடும், உள்ளே எல்லாவற்றுக்கும் போய்ச் சேருகிற எண்ணெய் அது மட்டுமே.

இந்த எஞ்சினைக் கவர்னர் நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் போக விடாது. ஏன் 3600? இந்த வகை எஞ்சின்கள் ஜெனரேட்டரையும் ஓட்ட வேண்டியிருக்கிறது, இங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் 60 ஹெர்ட்ஸ் தர 3600 சுற்று வேண்டும். நம்மூர் 50 ஹெர்ட்ஸுக்கு அதுவே 3000. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், அதில் இரண்டு சின்ன எடைகள். வேகம் கூடக்கூட எடைகள் வெளியே விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், அந்தத் தண்டு வெளியே இருக்கிற கையைத் திருப்பி த்ராட்டிலை மூடும். கவர்னர் என்பது இவ்வளவுதான், கழற்றுவதும் பெரிய வித்தை இல்லை.

ஆனால் அதைக் கழற்றினால் 3600 என்பது 5400 ஆகச் சுலபமாகப் போய்விடும். சுற்று ஒன்றரை மடங்கு கூடினால், ஃப்ளைவீலை (கிராங்கின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பிய்க்கப் பார்க்கிற விசையும் கனெக்டிங் ராட்டை இழுக்கிற விசையும் ஒன்றரையின் வர்க்கமாக, அதாவது இரண்டேகால் மடங்காக, கூடும். கம்பெனி ஃப்ளைவீல் வார்ப்பு இரும்பு. ராட் வார்ப்பு அலுமினியம். இரண்டையுமே 3600ஐ மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மினி பைக்கில் எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்: சீட்டுக்கு முன்னால், இரண்டு முழங்காலுக்கும் நடுவில், ஒரு பக்கம் செயின், மறுபக்கம் ஃப்ளைவீல், அதற்கும் உங்கள் காலுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகரக் கவர். வார்ப்பு இரும்பு உடைந்தால் அந்தத் தகரம் எதையும் தடுக்காது.

இங்கே பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. கவர்னர் இல்லாவிட்டாலும் கம்பெனி வால்வு ஸ்பிரிங் ஒரு வேலியாக நிற்கிறது. மெல்லிய ஸ்பிரிங், ஏறக்குறைய 5000, 5500 சுற்றில் வால்வு, அதைத் திறந்து மூட வைக்கிற கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கத் தொடங்கும், எஞ்சின் தடுமாறும், அதற்கு மேல் ஏறாது. இது தெரியாமல் கவர்னரை எடுத்த கையோடு 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று கெட்டி ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறார்கள், விலையும் குறைவு. கடைசியாக இருந்த வேலியையும் பிடுங்கி எறிந்தாயிற்று, ராட்டும் ஃப்ளைவீலும் இன்னும் பழையதே. எனக்கு இதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பில்லெட் (வார்க்காமல், முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த) ஃப்ளைவீல், பில்லெட் ராட், அப்புறம் ஸ்பிரிங். பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதல் இரண்டுக்கும் காசு இல்லையென்றால் கவர்னர் இருக்கட்டும்.

கவர்னரை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. திறந்த ஏர் ஃபில்டர், நல்ல சைலன்சர் குழாய், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட் கொஞ்சம் பெரிதாக. மூன்றையும் சேர்த்தே போட வேண்டும். காற்று தாராளமாக வந்து பெட்ரோல் பழைய அளவிலேயே இருந்தால் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டர் இல்லாத எஞ்சினுக்கு அது ஆகாது. ஜெட் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, காற்றைக் குறைக்கிற சோக் தான். சூடான பிறகு, முழு த்ராட்டிலில் ஏற்றத்தில் ஏறும்போது சோக் நெம்பை ஒரு துளி மூடிப் பாருங்கள். இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை, ஜெட்டைப் பெரிதாக்குங்கள். உடனே மந்தமானால் இருக்கிற ஜெட் போதும். அப்புறம் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி பிடித்திருந்தால் அதிகம், இளம் பழுப்பு சரி.

வேகம் வேண்டுமென்றால் ஸ்ப்ராக்கெட்டிலும் கிடைக்கும். கிளட்சில் 12 பல், பின்னால் 72, 14 அங்குல டயர் என்றால் 3600 சுற்றிலேயே மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வரும். பின்னால் 60 பல் போட்டால் 48. தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, சஸ்பென்ஷன் இல்லாத ஃப்ரேமில், 48 என்பது குறைந்த வேகம் இல்லை. பல ஃப்ரேம்களில் முன் பிரேக்கே கிடையாது, பின் சக்கரத்தில் ஒரு பட்டை பிரேக் மட்டும். எஞ்சினுக்கு அடுத்த டாலரைச் செலவழிப்பதற்கு முன் அங்கே ஒரு டிஸ்க் பிரேக் போடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

சரி, எல்லாம் வாங்கியாயிற்று, எஞ்சினைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். ஆயிலை வடித்துவிட்டு, கிராங்க் வெளியே வருகிற பக்கம் மேலே பார்க்கும்படி படுக்க வைத்து மூடியைத் தூக்குங்கள். நிற்க வைத்துத் திறந்து கேம் ஷாஃப்டை உருவினால் கேமுக்கு மேலே உட்கார்ந்து வால்வைத் தள்ளுகிற லிஃப்டர்கள் இரண்டும் உள்ளே விழுந்துவிடும். திரும்பப் பூட்டும்போது கிராங்க் பல்லில் ஒரு புள்ளியும் கேம் பல்லில் ஒரு புள்ளியும் இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும்; ஒரு பல் தள்ளிப் போனாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. புது ராட்டைப் போடும்போது ஆயில் அடிக்கிற நாக்கு அதில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கவர்னரை எடுத்துவிட்டால் அதன் கை வெளியே வந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் அதன் வழியே ஒழுகும். வால்வு இடைவெளிக்கு ஜிஎக்ஸ்200 அளவு இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. புது ஆயிலை ஊற்றி நிதானமாகக் கொஞ்ச நேரம் ஓட்டி, அந்த ஆயிலை உடனே வடித்துவிடுங்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதில் உலோகத் தூள் மின்னும், வடிகட்ட ஃபில்டர் இல்லாததால் அது வெளியே போக வேறு வழி இல்லை.