தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம்: சிலையின் முதுகையும் பாருங்கள்

தஞ்சாவூருக்கு ஒரே நாள் ஒதுக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தப்பாகப் போட்டுக்கொள்கிறார்கள். நிதானமாக டிபன், பதினோரு மணிக்குப் பெரிய கோயில், மிச்ச நேரத்தில் அரண்மனை. அந்நேரம் கோயில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. பன்னிரண்டரைக்கு நடையும் சாத்திவிடுவார்கள். ஆறரைக்கே கோயிலை முடித்துவிட்டு அரண்மனை திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருங்கள். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்கக் கூடத்தில் அவற்றின் படங்கள் இருக்கின்றன.

கோயிலிலிருந்து அரண்மனை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துவிடலாம். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டவுன் பஸ். ஒரே வளாகம் என்றாலும் உள்ளே நிர்வாகங்கள் வேறு வேறு. எந்த டிக்கெட்டில் எது அடக்கம், மதியம் எந்தப் பகுதியைப் பூட்டுவார்கள் என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிட்டு, அதற்கேற்ப வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

கலைக்கூடம் 1951-ல் தொடங்கியது. கற்சிலைகளில் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போனால் செம்புச் சிலைகளுக்கு வரும்போது கண் களைத்திருக்கும். அதனால் முதலில் செம்பு. அதிலும் முதலில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன். ராஜராஜன் ஆட்சியில் 1011-ல் அந்தக் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவர். பக்கத்தில் நிற்கும் உமை அடுத்த ஆண்டு வந்தவள். காளை இப்போது இல்லை. அதன் மேல் சாய்ந்த முழங்கை அந்தரத்தில் நிற்கிறது, ஆனால் உடம்பின் சாய்வைப் பார்த்தாலே காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். கிரீடம் கிடையாது, சடையையே தலைப்பாகை போலச் சுற்றி, பாம்பைச் செருகியிருக்கிறார் சிற்பி.

எல்லோரும் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அங்கேதான் பாதி சிலை போய்விடுகிறது. எதிரே நின்றால் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம்தான் அடிக்கும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் அது விலகும், இடுப்பின் வளைவும் தெரியும். இடம் இருக்கும் சிலைகளுக்கெல்லாம் பின்னாலும் போங்கள். பிடரியில் சிரச்சக்கரம் என்ற வட்டம், அதன் கீழே தோளில் இறங்கும் சடைப்புரிகள், முதுகின் நடுக்கோடு என்று எதையும் விட்டிருக்க மாட்டார்கள். மெழுகில் முழு உருவமாகச் செய்து வார்ப்பதால் ஸ்தபதிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் இல்லை. கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையுமாகத்தான் பார்க்கிறோம். முகமும் கையும் தவிர ஒன்றும் தெரியாது. இந்த உடம்பை முழுதாகப் பார்க்க அருங்காட்சியகம்தான் இடம்.

அடுத்து பீடத்தைக் குனிந்து பாருங்கள். துளைகளும் வளையங்களும் புறப்பாட்டின்போது சிலையைத் தண்டில் கட்டுவதற்கு. முகம் மழுங்கி, மூக்கும் உதடும் வழவழவென்று இருந்தால் தலைமுறை தலைமுறையாக அபிஷேகமும் துலக்கலும் கண்ட சிலை. செதுக்கல் கூர்மையாக இருந்து மேலே பச்சை படர்ந்திருந்தால் பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்தது. படையெடுப்புக்கு அஞ்சிப் புதைத்தவை டெல்டாவில் ஏர் உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் இன்றும் வெளிப்படுகின்றன; 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசிடம் ஒப்படைக்க வேண்டும். திருவெண்காட்டுச் சிலைகளும் அப்படி மண்ணிலிருந்து எழுந்தவைதான். அந்த ஊரின் அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து ரயில் ஏறாதீர்கள்.

கற்சிலைகளில் தாராசுரத்துக் கஜசம்ஹார மூர்த்தியை, யானையைக் கொன்ற சிவனை, விடக்கூடாது. யானைத் தோலை விரித்துப் பிடித்தபடி உடம்பை முறுக்கித் திரும்புகிறார். உள்ளங்கால் நம் பக்கம் தெரிகிறது. ஒரு உடம்பு ஒரே நேரத்தில் இப்படி இரண்டு பக்கம் பார்க்க முடியுமா என்றால் முடியாதுதான். கல்லில் மட்டும் முடிந்திருக்கிறது.

அரண்மனை வளாகத்திலேயே இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தில் பார்வைக்கு வைத்திருப்பது கடலில் ஒரு கை நீர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி சேர்த்த படங்களில், மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிடும், பிரெஞ்சு ஓவியர் லெ பிரனின் வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். மகாராஜா உடைகள், பல்லக்கு, ஆயுதம் எல்லாம் வேகமாகக் கடந்துவிடக்கூடியவை.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் கும்பகோணம் பஸ் ஏறி, இன்றும் இப்படிச் சிலை வார்க்கும் சுவாமிமலை. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகத் தடவுவார்கள். நகையின் நுணுக்கம் தங்குவது அந்த முதல் பூச்சில்தான். கரடான மண் அதற்கு ஆகாது. காய வைப்பது நிழலில், வெயில் பட்டால் மெழுகு இளகும். பிறகு சுட்டு மெழுகை வடித்து, காலியான அச்சில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி உலோகத்தை வெளியே தெறிக்கவிடும். ஊற்றும் ஓட்டம் நடுவில் அறுந்தால் உடம்பில் ஓட்டை விழும். வார்ப்பு தினமும் நடக்காது. அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் முதல் நாளே பட்டறைக்குப் போன் செய்து கேளுங்கள். மெழுகு வேலையும் உளி வேலையும் மட்டும் போதுமென்றால் வேலை நடக்கும் எந்த நாளும் போகலாம். வாங்குவதானால் எடையை முதலில் கேளுங்கள். சின்னச் சிலையில் உலோகத்தை விடச் செதுக்குக் கூலிதான் அதிகம், அதைக் குறைக்கச் சொன்னால் குறைவது வேலை.