பிரசவ லீவும் கம்பெனி ஓடிபியும்

மெட்டர்னிட்டி லீவில் ஆபீஸ் தொல்லையை எப்படித் தவிர்ப்பது என்று யாரிடம் கேட்டாலும் "போனை எடுக்காதே" என்றுதான் சொல்கிறார்கள். எடுக்காமல் இருக்கலாம்தான். ஆனால் கம்பெனியின் ஜிஎஸ்டி, பிஎஃப், பேங்க் எல்லாவற்றுக்கும் ஓடிபி உங்கள் சொந்த நம்பருக்கு வருகிறதென்றால் என்ன செய்வீர்கள்? நான் மாட்டியது அதில்தான், 2023-ல்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பார்ட்னர்ஷிப் கம்பெனி, இரண்டு பங்குதாரர்கள். நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று தெரிந்ததுதானே, பதிவு செய்யும்போது முதலாளி "என் நம்பர் வேண்டாம்மா, ஓயாம மெசேஜ் வரும், உன் நம்பரையே போட்டுரு" என்பார், நாமும் போட்டுவிடுவோம். அப்போது அது நம் மேல் வைத்த நம்பிக்கை மாதிரித் தெரியும். மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் விவரம்), 15 பிஎஃப், 20-ல் 3பி (ஜிஎஸ்டி வரி கட்டுகிற ரிட்டர்ன்). இந்த நான்கு தேதிக்கும் என் போன் ஓடியாக வேண்டும்.

லீவு லெட்டர் கொடுத்ததிலோ தேதி வாங்கியதிலோ ஒரு சிக்கலும் இல்லை. ஒப்படைப்பதற்கு எல்லாப் பாஸ்வேர்டும், எந்த பைல் எங்கே இருக்கிறது என்பதும் எழுதி ஒரு நோட்டே தயார் செய்தேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. "ஆள் எடுக்கறோம், எடுக்கறோம்" என்று இழுத்து, நான் தாய்வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் ஒரு தம்பி சேர்ந்தான். அவன் என்னைப் பார்த்ததே கிடையாது, போனில்தான் "அக்கா".

குழந்தை பிறந்தது 9-ஆம் தேதி, சிசேரியன். 11-ஆம் தேதி என்ன என்பது மேலே இருக்கிறது. வார்டில் படுத்திருக்கிறேன், திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை, போன் கணவர் கையில். "சார், அக்காவை எழுப்ப வேண்டாங்க, மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லிருங்க" என்றிருக்கிறான் தம்பி. இவரும் படித்துச் சொல்லிவிட்டார். இவரைச் சொல்லிக் குற்றமில்லை, தம்பியையும் சொல்லமாட்டேன், அவன் தலைக்கு மேலே முதலாளி நின்றுகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

ஆறு நம்பரோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அது ஒரு வழி திறந்து விட்டது. அப்புறம் "அக்கா, இந்த டெபிட் நோட் எந்த லெட்ஜர்ல போகுதுங்க", "அக்கா, அந்த டையிங்காரருக்குப் பழைய பாக்கி எவ்வளவுங்க", கடைசியில் "லேப்டாப்பை வீட்டுக்கே கொடுத்தனுப்பட்டுங்களா, சும்மா ஒரு பார்வை பார்த்தாப் போதும்". முதலாளியே ஒருநாள் பேசினார். "அம்மிணி, ஒரு நிமிச வேலைதானே, லேட்டானா பைன் போட்டுருவானுக." பைன் எவ்வளவு தெரியுமா? 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரி பாக்கி இருந்தால் அதற்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. அந்த 50 ரூபாய்க்குத்தான் தையல் பிரியாத வயிற்றோடு என்னை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நியாயமாகச் சொன்னால், நாங்கள் 11-க்குள் போடாவிட்டால் எங்களிடம் வாங்குகிற உள்நாட்டுக்காரர்களுக்கு 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வருகிற 2பி பட்டியலில் எங்கள் பில் தெரியாது, அந்த வரியைக் கழிக்க முடியாமல் அவர்கள் சண்டைக்கு வருவார்கள், அந்தப் பதற்றம் எனக்கும் புரிகிறது. ஆனால் அது கம்பெனியின் பதற்றம், பிரசவ வார்டுக்குக் கொண்டு வரவேண்டியதில்லை.

நான் எடுக்காமல் விட்டேன். அப்பாவுக்குப் போனது. எமர்ஜென்சி காண்டாக்ட் என்று அவர் நம்பரைத்தான் ஆபீசில் கொடுத்திருந்தேன். அப்பா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், முதலாளி என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து நின்று பேசுகிற தலைமுறை. "இதோ இருங்க சார், பாப்பா முழிச்சுத்தான் இருக்குது" என்று போனைக் கொண்டுவந்து காதில் வைப்பார். முதலாளியிடம் முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்தது, அப்பாவிடம் அதைப் புரியவைக்கத்தான் பாடுபட்டேன். நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை, 2021-லிருந்து அவர்களுக்கு ஒரு வருஷம் லீவு. "எங்க ஹெச்எம் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லையே" என்று அவர் ஆச்சரியப்பட்டதில் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

வழி காட்டியது ஆபீசிலேயே காம்ப்ளையன்ஸ், அதாவது சட்ட விதிகள் சரியாக நடக்கிறதா என்று, பார்க்கிற ஒரு அக்கா. எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டு கம்பெனி (பையர்) தொழிலாளர் விவரங்களைச் சோதிக்க ஆடிட் வரும்போது ரெஜிஸ்டர் எல்லாம் தயார் செய்வது அவர் வேலை. குழந்தையை விசாரிக்கக் கூப்பிட்டவரிடம் புலம்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பினார். பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பேறுகாலப் பயன் சட்டச் சுருக்கம், தமிழில். பெண்கள் வேலை செய்கிற இடத்தில் உள்ளூர் மொழியில் அதை மாட்டியே ஆகவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தினமும் அதன் பக்கத்தில் விரல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம், யார் படித்தார்கள்?

1961-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. அது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பயன்பட்டவை வேறு இரண்டு. பிரிவு 4: பிரசவ நாளுக்குப் பிறகு ஆறு வாரம் வரை தெரிந்தே அந்தப் பெண்ணை வேலை வாங்கக் கூடாது. அவள் ஒப்புக்கொண்டால் வாங்கலாமா என்ற பேச்சே கிடையாது, அவளும் அந்த ஆறு வாரம் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யக் கூடாது. பிரிவு 18: அனுமதித்த லீவு நாளில் அவள் எந்த நிறுவனத்திலாவது வேலை செய்தால் அந்த நாட்களுக்கான பேறுகாலப் பணத்தை இழப்பாள். இரண்டாவதைப் படித்ததும் முதலில் பயம்தான் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மறுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்று. "முடியாதுங்க சார்" என்றால் திமிர், "செஞ்சா என் பணம் போயிருங்க சார்" என்றால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அன்றைக்கே மெயில் போட்டேன், இரண்டு பங்குதாரருக்கும், எச்ஆருக்கு நகலோடு. லீவு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை. பிரிவு 4, 18 இரண்டும் ஒவ்வொரு வரி. என் நம்பரை இன்னின்ன இடங்களிலிருந்து இந்தத் தேதிக்குள் எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வருகிற ஓடிபி எதையும் சொல்லமாட்டேன். ஏதாவது கேட்கவேண்டுமென்றால் எச்ஆர் வழியாக மெயிலில், முடிந்தபோது பார்ப்பேன், என் வீட்டார் யாரையும் கூப்பிட வேண்டாம். "எங்கே இருக்கிறது" என்று கேட்டால் சொல்வேன், "செய்து கொடு" என்றால் மாட்டேன். இந்தக் கடைசிக் கோடுதான் எனக்கு ரொம்ப உதவியது. ஒரு பைல் எந்த போல்டரில் இருக்கிறது என்று சொல்வதால் நமக்கு ஒன்றும் குறைந்துபோவதில்லை, முழுக்க வாயை மூடினால் அந்தத் தம்பிதான் திட்டு வாங்குவான்.

எதிர்பார்த்தபடியே பூகம்பம். "சட்டம் பேசற அளவுக்கு ஆயிருச்சா" என்று முதலாளி சொன்னதாகத் தகவல். எச்ஆர் பையன் கூப்பிட்டு, "மேடம், இதெல்லாம் மெயில்ல போடலாமா, போன்ல பேசித் தீர்த்திருக்கலாமே" என்றான். போனில் பேசித்தானப்பா இந்த நிலைமை. அவன் கூப்பிட்டதையும் ஒரு பதில் மெயிலாகப் போட்டுவைத்தேன், "இன்று போனில் நீங்கள் சொன்னது இது, என் பதில் இது" என்று. இதைக் கட்டாயம் செய்யுங்கள். லீவில் இருக்கிறாள் என்று வேலையை விட்டு எடுப்பதும், சம்பளம் பதவி போன்றவற்றை அவளுக்குப் பாதகமாக மாற்றுவதும் பிரிவு 12-ன்படி சட்ட விரோதம். ஆனால் அதை நிரூபிக்கக் கையில் காகிதம் வேண்டும்.

நம்பர் மாற்றுவது சுலபம் என்று நினைத்தால் அதுவும் ஒரு அலைச்சல். ஜிஎஸ்டியில் அது அதிகாரி ஒப்புதல் தேவையில்லாத திருத்தம்தான், உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆனால் உட்காரவேண்டுமே! எச்ஆர் ஆடிட்டர் ஆபீஸைக் கைகாட்ட, ஆடிட்டர் ஆபீஸ் முதலாளி சொல்லட்டும் என்க, முதலாளி தம்பியைக் கைகாட்ட, தம்பி என்னைக் கூப்பிட்டான். தேதி தாண்டியும் ஓடிபி வந்தது. நான் சொல்லவில்லை. அந்த மாதம் 3பி தாமதமாகத்தான் போயிருக்கிறது, 50 ரூபாய்க் கணக்கில் பைன் கட்டியிருக்கிறார்கள், உலகம் இடிந்து விழவில்லை. மறுநாளே முதலாளி நம்பருக்கு மாற்றிவிட்டார்கள். பேங்க்தான் ரொம்ப நாள் இழுத்தது. இரண்டு பங்குதாரரும் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்டார்கள், இன்னொருவர் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருந்தார். அதனால் லீவுக்குப் போகிறவர்கள் முதலில் பேங்கை முடியுங்கள், மற்றதெல்லாம் ஆன்லைனில் ஆகிவிடும்.

வாட்ஸாப் பற்றி ஒன்று. ஆபீஸ் குரூப்பிலிருந்து வெளியேறாதீர்கள், "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று கதை கட்டுவார்கள். மியூட் செய்து ஆர்கைவில் தள்ளுங்கள், நீல டிக்கை அணைத்துவிடுங்கள். முக்கியமாக ஸ்டேட்டஸ். பேர் வைக்கிற அன்றைக்குத் தொட்டில் போட்டோ போட்டேன், ஒரு மணி நேரத்தில் "ஸ்டேட்டஸ் போட நேரம் இருக்குது போல" என்று வந்தது. ஆபீஸ் ஆட்களுக்குத் தெரியாமல் மறைக்கிற வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது.

இனி பணம். சட்டப்படி பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான தொகையை முன்கூட்டியே தரவேண்டும், மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். எங்கள் ஆபீசில் "திரும்பி வந்து சேர்ந்ததும் மொத்தமா வாங்கிக்கலாம்" என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பினால் பர்த் சர்டிபிகேட் வேண்டும், அதை அனுப்பினால் பெயர் இல்லாத சர்டிபிகேட் செல்லாது, ஒரிஜினலை நேரில் காட்டவேண்டும். கணவர் லீவு போட்டு எடுத்துக்கொண்டு போனார், அன்றைக்குப் பார்த்து எச்ஆர் லீவு. குழந்தையின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், பெயர் இல்லாவிட்டாலும் அது பிறப்புச் சான்றிதழ்தான் என்று எழுதி அனுப்பியும் பதில் இல்லை.

இதற்கு மேல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதலாம் என்று வரைவுகூடத் தயார் செய்துவிட்டேன். தேவைப்படவில்லை. பையர் ஆடிட் தேதி குறித்தார்கள். ஆடிட்டில் பேறுகாலப் பணம் கொடுத்த விவரத்தைக் கேட்பார்கள், லீவில் இருப்பவரையே கூப்பிட்டுப் பேசினாலும் பேசுவார்கள். திடீரென்று எச்ஆர் குரலில் தேன். கணக்குப் போட்டு அனுப்பினான், அதிலும் ஒரு சில்மிஷம்: மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து ஒரு நாள் கூலி எடுத்துவிட்டு, ஞாயிறுகளைக் கழித்து 156 நாளுக்கு மட்டும் பெருக்கியிருந்தான். 26 வாரம் என்றால் 182 நாள். ஞாயிற்றுக்கிழமையும் சேரும் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கில். கணக்குப் பிள்ளையிடமே கணக்கா? திருப்பி அனுப்பினேன், முழுத்தொகையும் வந்தது.

21,000 ரூபாய்க்குள் சம்பளம் இருந்து இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர்களுக்குப் பணம் கம்பெனியிடமிருந்து வராது, இஎஸ்ஐயே தரும். அங்கும் சம்பளத்துக்கு வேலை செய்யாத நாட்களுக்குத்தான் பயன், ஆகவே லேப்டாப்பைத் திறக்கச் சொன்னால் அதையே காரணமாகச் சொல்லலாம். இன்னொன்று, பழைய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் போய்விட்டது. 26 வாரமும் ஆறு வாரத் தடையும் அப்படியே இருக்கின்றன, பிரிவு எண்கள் மட்டும் வேறு. மெயில் எழுதும்போது நான் மேலே சொன்ன எண்களை அப்படியே போடாமல் புதிதைப் பார்த்துப் போடுங்கள்.

திரும்பிச் சேர்ந்த அன்று முதலாளி குழந்தையை விசாரித்துவிட்டு, அடுத்த மூச்சில், "அம்மிணி, அந்த ஓடிபியெல்லாம் மறுபடி உன் நம்பருக்கே மாத்திக்கலாமா, எனக்கு ராத்திரியெல்லாம் வருது" என்றார். கம்பெனி பேரில் ஒரு சிம் வாங்கித் தாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பட்டன் போன் ஒன்றும் அந்த சிம்மும் இப்போது கணக்குப் பிரிவு மேஜை டிராயரில் கிடக்கின்றன. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பூட்டிவிட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன்.